மறுமொழி: பிக்கப் உயரத்துக்குத் தமிழ்ச்சொல் – ‘ஏற்றுயரம்’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிக்கப், அதாவது பின்புறம் திறந்த சரக்குத் தளம் உள்ள வண்டியில், அந்தத் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளில், ஆங்கில ‘பெட்’டை அப்படியே மொழிபெயர்த்த ‘படுகை உயரம்’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படுகை என்றால் காவிரிதான் நினைவுக்கு வருகிறது. சரக்கு ஏற்றுகிறவர்கள் வண்டியின் அந்தப் பகுதியைப் ‘பாடி’ என்கிறார்கள், ‘தட்டு’ என்கிறார்கள். ‘தூக்குயரம்’ பொருளுக்கு நெருங்கி வருகிறது, ஆனால் தூக்கு என்றதும் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. அக்கா எழுதிய ‘சுமைத்தள உயரம்’ தெளிவான சொல். கட்டுரையில் எழுதலாம், வேலையிடத்தில் வாய்விட்டுச் சொல்ல நீளம்.

சொல்லைத் தேர்வதற்கு முன் எதை அளக்கிறோம் என்று பார்த்துவிடுவோம். ‘இப்போதைய பிக்கப் உயரமாகிவிட்டது’ என்னும் குறையில் மூன்று உயரங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, பின்கதவைத் திறந்தால் கிடைக்கும் தளத்தின் உயரம். அமெரிக்காவின் பெரிய நான்கு சக்கர இயக்க பிக்கப்புகளில் இது ஏறக்குறைய 90 செ.மீ. ஜப்பானின் சிறிய சுசுகி கேரியில் 65 செ.மீ.தான். பெரிய டயர், நான்கு சக்கர இயக்கம், கூடுதல் எடையை இழுப்பதற்கான தடித்த அடிச்சட்டம் எல்லாம் சேர்ந்து தளத்தை மேலே தள்ளிவிட்டன. 25 செ.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய பளுதூக்கும் சூத்திரம், கை தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருப்பதையே மிகச் சாதகமான நிலையாகக் கொள்கிறது. மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும் அது அனுமதிக்கும் எடை 23 கிலோ. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வாசலிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றுகிறவர் அந்த வரம்பைத் தொடக்கத்திலேயே தாண்டிவிடுகிறார். அவருக்கு ஒவ்வொரு செ.மீட்டரும் முதுகில்தான் இறங்குகிறது.

இரண்டாவது, பக்கச் சுவரின் விளிம்பு. நான்கு கதவு வைத்துப் பயணிகள் அறையை நீட்டியபோது பின்பகுதி குட்டையானது. இழந்த கொள்ளளவை ஈடுகட்டச் சுவரை உயர்த்தினார்கள். பக்கத்தில் நின்று கையை விட்டால் தளம் எட்டாது. ஃபோர்டு பின்கதவுக்குள் மடிப்புப் படி வைத்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் பம்பர் மூலையில் கால் வைக்கக் குழி கொடுத்ததும் இதனால்தான். நம் ஊர் பத்தடி லாரியில் மூன்று பக்கமும் கீழே மடங்கும். லிட்டில் இந்தியாவின் பின்சந்தில் பக்கவாட்டில் நிறுத்தி ஏற்றும் வசதி அதற்கு உண்டு, புதிய பிக்கப்புக்கு இல்லை. இந்த உயரத்துக்குக் ‘கையெட்டுயரம்’ என்று தனியாகப் பெயர் வைக்கலாம்.

மூன்றாவது, இழுவைக் கொக்கியின் உயரம். சிங்கப்பூரில் டிரெய்லர் என்றால் பிரைம் மூவர் என்னும் இழுவை லாரி இழுக்கும் கண்டெய்னர் வண்டிதான். பிக்கப்பில் படகு இழுப்பவர்கள் குறைவு. ஆனாலும் சொல் தேவை. வண்டி உயர்ந்தால் கொக்கியும் உயரும், டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். இரண்டு அச்சுள்ள டிரெய்லரில் பாரம் பின் அச்சுக்குப் போய், கொக்கியை அழுத்தும் எடை குறையும். அந்த எடை மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அதற்காகக் கொக்கியைக் கீழிறக்கும் வளைந்த தண்டு பொருத்துகிறார்கள். ‘கொக்கியுயரம்’ என்பதே இங்கே போதும்.

சரி, முதல் உயரத்துக்கு வருவோம். நம் பழைய சாலைகளில் நின்ற சுமைதாங்கிக் கல்லை எண்ணிப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் பிறர் உதவி இல்லாமல் சுமையை அப்படியே நகர்த்தி வைக்கும் உயரத்தில் அதைக் கட்டினார்கள். அதை அளந்தது ஆளின் உடம்பை வைத்து. நம் சொல்லிலும் ஏற்றுகிற ஆள் இருக்க வேண்டும். ஆகவே ஏற்று + உயரம், ‘ஏற்றுயரம்’. ஏற்றுக்கொள்வதோடு குழம்பும் என்று ஒரு தம்பி ஐயப்பட்டார். ஏற்றுமதியும் ஏற்றுக்கூலியும் அப்படிக் குழம்பவில்லையே.

வரையறை இப்படி இருக்கட்டும்: சமதரையில், வெறும் வண்டியில், பின்கதவு திறந்த நிலையில், தரையிலிருந்து சரக்கு வைக்கும் விளிம்பு வரையுள்ள உயரம். ‘வெறும் வண்டி’ என்பதை விட்டுவிடக் கூடாது. பாரம் ஏறினால் வண்டியைத் தாங்கும் வில்தகடு தாழ்ந்து அளவு மாறிவிடும்.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘டெயில்கேட்’ எனப்படும் பின்கதவு என்ற சொல்லையும் குழப்பத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். இங்கே ‘டெயில்கேட் லாரி’ என்றால் சரக்கைத் தூக்கிக் கொடுக்கும் ஹைட்ராலிக் பலகை உள்ள லாரி. அதை ‘ஏற்றுப்பலகை’ என்று பிரித்துவிட்டால் இரண்டும் மோதாது.

கொக்கியை அழுத்தும் எடைக்குக் ‘கொக்கிச்சுமை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கொக்கியில் தொங்கும் சுமை என்று பாரந்தூக்கி ஓட்டுபவர்கள் புரிந்துகொள்ளக்கூடும். கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.