வீட்டு வாசலும் பொதுப் பதிவேடும்: பிரித்தானியாவில் கம்பனி நடத்துவோரின் அனுபவப் பகிர்வு

ஹரோவிலிருந்து, பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர்:

2014இல் கம்பனியைப் பதிவு செய்தபோது, படிவத்தில் முகவரி கேட்ட ஒவ்வோர் இடத்திலும் என் வீட்டு முகவரியையே எழுதினேன். கடைக்கான குத்தகை அப்போது கையெழுத்தாகியிருக்கவில்லை. கொடுப்பதற்கு வேறு முகவரி என்னிடம் இருக்கவுமில்லை. சட்டக் கடிதங்கள் வந்து சேர வேண்டிய கம்பனியின் பதிவு அலுவலகம், பணிப்பாளரின் தொடர்பு முகவரி, அவர் உண்மையில் குடியிருக்கும் முகவரி என மூன்றையும் அந்தப் படிவம் தனித்தனியாகக் கேட்டிருந்தது என்பதும், அவற்றுள் மூன்றாவது மட்டுமே பொதுமக்கள் பார்வைக்கு வராமல் காக்கப்படும் என்பதும் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விளங்கின.

2024 நவம்பரில், கடையிலிருந்து நான் நிறுத்திய ஒருவர் இரவு ஒன்பது மணியளவில் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் கடையில் இருந்தேன். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மட்டுமே இருந்தார்கள். அவர் கை வைக்கவில்லை, கதவை உடைக்கவுமில்லை; சம்பளப் பாக்கி என்று ஒரு தொகையைச் சொல்லி, அது வரும்வரை இதே வாசலுக்கு வந்துகொண்டிருப்பேன் என்று உரத்த குரலில் சொல்லிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றார். முகவரி எப்படிக் கிடைத்தது என்று பொலிசார் கேட்டபோது, கம்பனிகளைப் பதிவு செய்யும் அரச அமைப்பான கம்பனீஸ் ஹவுஸின் தளத்தில் கம்பனியின் பெயரைத் தேடிப் பார்த்ததாக மறைக்காமல் சொன்னாராம். அதில் குற்றம் எதுவும் இல்லை. 2015 ஜூன் முதல் அந்தப் பதிவேட்டை எவரும் ஒரு சதமும் கொடுக்காமல் பார்க்கலாம்.

மறுநாளே கணக்காளரைக் கேட்டேன். தொடர்பு முகவரியை மறைக்கக் கோரலாம், ஆனால் பதிவு அலுவலகமாகக் காட்டிய முகவரியை மறைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அன்றைய நிலையில் அது சரியான பதில்தான். இரண்டும் ஒரே வீடாக இருக்கும்போது ஒன்றை மட்டும் மறைத்து என்ன பயன் என்று அன்றிரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். இதைக் கடந்து வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து, ஒரு சகோதரி:

அண்ணா, உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவருக்குக் கொடுக்கல் வாங்கல் பிணக்கு ஒன்று இருந்தது. என் வாசலுக்கு வந்தவரிடமிருந்து தப்பித்தான் நான் வீடே மாறியிருந்தேன். அவரைப் பிரிந்த பிறகு பிள்ளையின் பாடசாலையையும் தொலைபேசி எண்ணையும் மாற்றினேன். உறவினர்களில் இருவருக்கு மட்டுமே புதிய முகவரியைக் கொடுத்தேன். 2019இல் விழாக்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் சிறு தொழிலுக்காகக் கம்பனி ஒன்றைத் தொடங்கியபோது, முகவரி உள்ள கடிதத்தைக்கூட எவருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்த நான், அதே முகவரி என் முழுப் பெயருக்குக் கீழே உலகம் முழுவதற்கும் தெரியும்படி இருக்கிறது என்பதை அறியவே இல்லை. எட்டு மாதங்களில் அவர் வந்துவிட்டார். என் பெயரை மட்டும் தட்டச்சு செய்ததாக அவரே சொன்னார்.

கம்பனியைக் கலைத்தால் முகவரியும் போய்விடும் என்று நம்பி அதைக் கலைத்தேன். போகவில்லை. கலைக்கப்பட்ட கம்பனியின் ஆவணங்களும் அப்படியே பார்வைக்கு இருந்தன. நான் மறுபடியும் வீடு மாறினேன். பழைய முகவரி இன்று எனக்குத் தீங்கு செய்யாது என்றாலும், அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் குடும்பத்தை நினைத்தால் மனம் கேட்பதில்லை.

லெஸ்டரிலிருந்து, கணக்காளராகப் பணிபுரியும் ஒருவர்:

தங்கையின் பதிவை வாசித்தபோது, இருபது ஆண்டுகளாக இத்தகைய படிவங்களை நிரப்பிக் கொடுத்துவரும் எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்பட்டது. இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது தெளிவாகும்.

முன்பு பணிப்பாளரின் குடியிருப்பு முகவரியையே பதிவேட்டில் காட்ட வேண்டும். விலங்குகளில் பரிசோதனை செய்துவந்த ஹன்டிங்டன் லைஃப் சயன்சஸ் நிறுவனத்தின் நிர்வாகப் பணிப்பாளர் பிரையன் காஸ் 2001 பெப்ரவரியில் தன் வீட்டு வாசலிலேயே தாக்கப்பட்டார். அந்த நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுக்கு வீடு தேடி வந்த அச்சுறுத்தல்களின் பின்னணியில், 2002 ஏப்ரல் முதல், வன்முறை அபாயத்தை நிரூபித்தவர்களுக்கு மட்டும் இரகசியக் காப்பு ஆணை வழங்கப்பட்டது. ஆபத்து வந்த பிறகு அதை நிரூபித்துப் பெறுகிற காப்பு அது. 2006ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம்தான், 2009 ஒக்டோபர் 1 முதல், எல்லாப் பணிப்பாளருக்கும் தொடர்பு முகவரி என்ற தனி முகவரியைக் கொடுக்கும் உரிமையை அளித்தது. குடியிருப்பு முகவரி அதன் பின்னர் பதிவாளரிடம் காப்பாக இருக்கும். குறிப்பிட்ட அரச அமைப்புகளும் கடன் தகைமை ஆராயும் நிறுவனங்களும் மட்டுமே அதைப் பெறலாம். கடும் அபாயம் உள்ளவர்கள் அந்தக் கடன் நிறுவனங்களுக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஆதாரங்களோடு தனியாக விண்ணப்பிக்க முடியும்.

ஆனால் 2009க்கு முன் தாக்கல் செய்த தாள்கள் பதிவேட்டில் தங்கிவிட்டன. பணிப்பாளர் நியமனத்துக்காகக் கையால் நிரப்பிய பழைய 288ஏ படிவங்களைத் திறந்து பாருங்கள்; பலருடைய முதல் வீடு அங்கே இருக்கும். 2018 ஏப்ரலில் விதிகள் தளர்த்தப்பட்டு, அபாயத்தை நிரூபிக்காமலேயே பழைய ஆவணங்களில் உள்ள வீட்டு முகவரியை மறைக்கக் கோரலாம் என்றானது. அப்போதும் பதிவு அலுவலக முகவரி மட்டும் விதிவிலக்காக நின்றது. ஹரோ அன்பர் முட்டி நின்ற சுவர் அதுதான். 2023ஆம் ஆண்டின் பொருளாதாரக் குற்றம் மற்றும் கம்பனி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அந்தச் சுவரில் வாசல் திறந்தது. 2025 ஜனவரி 27 முதல், முன்னர் பதிவு அலுவலகமாக இருந்த வீட்டு முகவரியையும் மறைக்க விண்ணப்பிக்கலாம்.

வரிசை முக்கியம். தற்போது பதிவு அலுவலகமாக இருக்கும் முகவரியை மறைக்க மாட்டார்கள். ஆகவே முதலில் ஏடி01 படிவத்தால் அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். தபால்பெட்டி எண் ஏற்கப்படாது. 2024 மார்ச் 4 முதல், அனுப்பும் ஆவணம் கம்பனி சார்பில் பொறுப்பானவர் கைக்குப் போய்ச் சேரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அடுத்துப் பணிப்பாளரின் தொடர்பு முகவரியையும், கம்பனியில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உடையவர் என்ற வகையில் நீங்கள் கொடுத்த முகவரியையும் மாற்றுங்கள். அதன் பிறகுதான் முகவரியை மறைக்கக் கோரும் எஸ்ஆர்01 படிவம். முகவரி இடம்பெற்ற ஒவ்வோர் ஆவணத்தையும் தாக்கல் செய்த திகதியோடு நீங்களே தேடிப் பட்டியலிட வேண்டும். ஆவணம் ஒன்றுக்கு 30 பவுண் கட்டணம். கம்பனியைத் தொடங்கிய ஆவணத்தை மறந்துவிடாதீர்கள். பங்குதாரராகக் கையெழுத்திட்ட பகுதியிலும் முகவரி இருக்கும். தங்கையைப் போலக் கம்பனியைக் கலைத்தவர்கள் ஆறு மாதம் கடந்த பின் விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பதிவேடு திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடன் கொடுப்பவரும் சம்பளம் கிடைக்காத தொழிலாளியும் கம்பனிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அறிந்தே ஆக வேண்டும். எத்தனையோ மோசடிகள் இந்தப் பதிவேட்டைக் கொண்டே வெளிப்பட்டிருக்கின்றன. தொடர்பு முகவரிக்கு வரும் கடிதங்களைப் புறக்கணிப்பவரின் வீட்டு முகவரியைப் பதிவாளர், முன்னறிவித்து அவகாசம் கொடுத்த பிறகு, பொதுப் பார்வையில் வைக்கலாம் என்ற விதியும் சட்டத்தில் உண்டு. அது நியாயமானது என்றே கருதுகிறேன். சட்டக் கடிதம் வந்து சேரும் இடமும் பிள்ளைகள் உறங்கும் இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பது மட்டுமே என் வாதம். கணக்காளர்களான நாங்கள் இந்த ஒரு கேள்வியைத் தொடக்க நாளிலேயே கேட்டிருந்தால், மேலே உள்ள இரண்டு பதிவுகளும் எழுதப்பட்டிருக்க மாட்டா.

குரொய்டனிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்:

நான் கம்பனி எதுவும் நடத்தியதில்லை. ஆனால் முன்பின் தெரியாத மூன்று கம்பனிகளின் பெயரில் வரிக் கடிதங்கள் என் வீட்டுக்கு வந்தன. பார்த்தால், யாரோ என் முகவரியைத் தங்கள் பதிவு அலுவலகமாகக் காட்டியிருந்தார்கள். ஆர்பி07 என்ற படிவத்தோடு, இது என் வீடுதான் என்பதற்கான ஆதாரத்தை அனுப்பி நீக்கச் செய்தேன். அறிமுகமில்லாத கம்பனிப் பெயரில் வரும் கடிதத்தைக் குப்பையில் போடாமல் உடனே தேடிப் பாருங்கள்.

ஹரோவிலிருந்து, மீண்டும்:

கணக்காளர் ஐயா சொன்ன வரிசைப்படியே செய்தேன். பதிவு அலுவலகத்தைக் கடை முகவரிக்கு மாற்றினேன்; தாள்களைத் தேடியபோது என் வீடு ஏழு ஆவணங்களில் இருந்தது. 210 பவுண் செலுத்தி விண்ணப்பித்தேன். சில வாரங்களில் அந்த ஆவணங்களில் முகவரி மறைக்கப்பட்டது. அந்தப் பழைய ஊழியரின் கணக்கையும் மீண்டும் பார்த்தேன். அவர் சொன்ன தொகையில் ஒரு பகுதி உண்மையிலேயே பாக்கியாக இருந்தது, அதைக் கொடுத்துவிட்டேன். அதை அவர் கேட்க வேண்டிய இடம் கடை என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மூலப் பதிவேட்டில் மறைத்த பின்னரும், அதிலிருந்து தரவைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் வேறு தளங்களில் என் வீடு அப்படியே இருந்தது. தேடியதில் ஐந்து தளங்கள் கிடைத்தன. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீக்குமாறு ஒவ்வொன்றுக்கும், பதிவேட்டில் மறைக்கப்பட்டதற்கான கடிதத்தை இணைத்து எழுதினேன். நான்கு தளங்கள் நீக்கிவிட்டன. ஐந்தாவது தளம் இரண்டு கடிதங்களுக்கும் பதில் தரவில்லை. இந்த வாரம் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்புகிறேன். அழைப்பு மணி அடித்தால் என் மகள் இன்னமும் முதலில் மாடி யன்னலுக்குத்தான் ஓடுகிறாள்.