புதுப்பிப்பு: மதுரை டு தூத்துக்குடி, ஏர்போர்ட் விட்டு ஏர்போர்ட்

போன வாரம் கேட்டிருந்தேனே: துபாயிலிருந்து காலையில் மதுரையில் இறங்கும் சித்தப்பா, வழியில் எட்டயபுரத்தில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, மாலை தூத்துக்குடியில் சென்னை விமானம் பிடிக்க முடியுமா என்று. பிடித்துவிட்டார், தாராளமாக.

மேப்பில் நேர்கோடு போட்டால் 123 கிலோமீட்டர்தான். தூத்துக்குடி விமான நிலையம் மதுரைக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. ஆனால் அது ஊருக்குள் இல்லை, திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளத்தில். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி வரை போய் மேற்கே திரும்பினால் தூரம் கூடத்தான் செய்யும். டீக்கு நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் இரண்டிலும் டோல் உண்டு. மற்றபடி கரிசல் காடும் கருவேலமும்தான், லாரி தவிர இடைஞ்சல் இல்லை.

"விமானத்திலேயே போகலாமே" என்றவர்களுக்கு: நேரடி விமானம் கிடையாது. சென்னை சுற்றித்தான் வரணும். 123 கிலோமீட்டருக்கு வானத்தில் 900-க்கு மேல்! சென்னை போகவேண்டியவரை சென்னை வழியாகத் தூத்துக்குடிக்கு அனுப்பச் சொன்ன அன்பருக்குத் தனி வணக்கம்.

அப்புறம், 2025 ஜூலையில் திறந்த புது டெர்மினல் விசாலம். 1,350 மீட்டர் ஓடுபாதை இப்போது 3,115. மதுரையுடையதைவிட நீளம், மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.