உதிரும் சுவரோவியத்தைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்க முடியுமா?

கேள்வி (திருவொற்றியூர்):
எங்கள் தெருவிலுள்ள பழைய மடத்தின் சுவரோவியம் காரையோடு சேர்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. விரல் பட்டாலே நிறம் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பெயர்த்தெடுத்துக் காட்சிக்கு வைக்க இயலுமா?

பதில் 1:
இயலும். தஞ்சைப் பெரிய கோயிலில், 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களை மூடியிருந்த நாயக்கர் கால ஓவிய அடுக்கின் சில பகுதிகளை, இந்தியத் தொல்லியல் துறையினர் தனியே பிரித்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துள்ளனர். ஓவியத்தின் முகப்பில் மெல்லிய தாளையோ துணியையோ பசையிட்டு ஒட்டி, காரையிலிருந்து பிரித்து, புதிய தளத்தில் பொருத்திய பின்னரே அந்த மறைப்பை நீக்குவார்கள். ஆயினும் இடம்பெயர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

பதில் 2 (இராயபுரம்):
ஐயா, கடற்காற்று வீசும் நம் பகுதியில் முதல் பகை உப்புதான். சுவரில் ஏறிய ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி நிறத்தை உள்ளிருந்து தள்ளிவிடும். முதலில் கூரை ஒழுகலை நிறுத்துங்கள். ஈரத்துணியால் துடைக்கவோ வார்னிஷ் பூசவோ யாரையும் விடாதீர்கள்.

பதில் 3:
அழிந்த முகங்களைப் புதிதாக வரையச் சொல்லிவிடாதீர்கள். அப்படிப் பாழான கோயில் ஓவியங்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். இத்தாலியில் உருவான முறையில், இடைவெளிகளை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தொலைவில் ஒன்றாகத் தோன்றினாலும், அருகில் பழையதும் புதியதும் பிரிந்து தெரியும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவை நிழற்படங்களுடன் அணுகுங்கள்.