1986-ல் கட்டிய வீடு, மேலே ஒரு மாடி: ஆர்கிடெக்ட்டிடம் முதலில் எதை வாங்க வேண்டும்?

கீழ்வீடு:
தாம்பரம் பக்கம் 30-க்கு 60 மனை. 1986-ல் கட்டிய தரைத்தள வீடு, சுமார் 1,000 சதுர அடி. பில்லர் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர் மேலேயே கான்கிரீட் தளம். ரோடு போட்டுப் போட்டு, இப்போது வீட்டுத் தரை ரோட்டைவிட 3 அங்குலம்தான் உயரம். செப்டிக் டேங்க் பின்பக்கம்.

வேண்டியது மூன்று. சமையலறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு (74 வயது) முன் படுக்கையறையோடு ஒரு பாத்ரூம். மேலே இரண்டு அறை. ஆர்கிடெக்ட் ஒருவரிடம் இரண்டு முறை பேசியாயிற்று. ஒரே வாரத்தில் முகப்பின் 3டி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். இன்னும் யாரும் வந்து டேப் பிடித்து அளக்கவில்லை. அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? முதல் கட்டத்தில் அவரிடமிருந்து என்னென்ன வாங்க வேண்டும்?

ரசமட்டம்:
3டி படத்தை ஓரமாக வையுங்கள். புது வீட்டுக்குக் காலி மனையிலிருந்து வரையலாம். பழைய வீட்டில் முதல் வரைபடமே "இப்போது இருப்பது" வரைபடம்தான். அது இல்லாமல் போடும் எந்தப் படமும் ஊகம்.

அந்த வரைபடத்தில் அறை நீள அகலம் மட்டும் இருந்தால் போதாது. சுவர்த் தடிமன் ஒவ்வொன்றும் வேண்டும் (9 அங்குலமா, நாலரையா என்பதில்தான் எதை இடிக்கலாம் என்பதே இருக்கிறது). ஜன்னல் அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னல் மேலுள்ள கான்கிரீட் குறுக்குப் பட்டை) உயரம், தளத்தின் கனம், ரோட்டிலிருந்து தரைமட்டம், சேம்பர்கள் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டிகள்) இருக்கும் இடமும் ஆழமும், மீட்டர் போர்டு, தண்ணீர் லைன் எல்லாம் வர வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்கச் சொல்லுங்கள். 9-க்கு 12 அடி சமையலறை என்றால் குறுக்களவு இரண்டு பக்கமும் சரியாக 15 அடி வர வேண்டும். ஒரு பக்கம் 15 அடி 1 அங்குலம், மறுபக்கம் 14 அடி 11 என்று வந்தால் அறை கோணியிருக்கிறது. இது இப்போது தெரியாவிட்டால், மாடுலர் கிச்சன் பெட்டிகள் வந்து இறங்கும் நாளில் சுவர் ஓரத்தில் ஆப்பு வடிவ இடைவெளியாகத் தெரியும்.

1,000 சதுர அடிக்கு இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க அளக்கும் வேலை இது. அரை மணியில் முடித்துவிட்டுப் போனால் அளக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் பக்கத்து வேலையும் உண்டு. "மாடர்னாக வேண்டும்" என்று சொல்லாமல், பயன்பாட்டை எழுதிக் கொடுங்கள். கிரைண்டர் எங்கே நிற்கும், காஸ் சிலிண்டர் உள்ளேயா வெளியேயா, வாஷிங் மெஷின், துணி காயும் இடம், பூஜை அலமாரி எந்தத் திசை, எத்தனை டூவீலர், பழைய பீரோ எந்த அறைக்குப் போகும் (அதன் அளவோடு). அம்மாவுக்கான பாத்ரூம் என்றால் கதவு 2 அடி 6 அங்குலம் வேண்டாம். வாக்கரோ வீல்சேரோ வந்தால் 3 அடி திறப்பு தேவைப்படும். வாசலில் படி எழுப்பாமல் தரைச் சரிவிலேயே தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். தரைக்கு அடியில் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையே அது மாற்றும்.

மூலைமட்டம்:
பணத்தைப் பற்றி. ஆர்கிடெக்ட்ஸ் சட்டம் 1972-ன்படி கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிந்தவர் மட்டுமே ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி வருடத்தோடு இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சட்டம் தடுப்பது அந்தப் பட்டத்தை, வடிவமைப்புத் தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அதனால் பதியாதவரும் படம் போடலாம். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கலாம், ஆனால் மொத்த வேலைக்கு இப்போதே கையெழுத்து வேண்டாம். முதல் கட்டத்தைத் தனியாகப் பிரித்து, அதற்கு மட்டும் ஒரு தொகை பேசுங்கள்: அளவெடுத்த வரைபடம், ஸ்ட்ரக்சரல் அறிக்கை (கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று இன்ஜினியர் தருவது), இரண்டு மாற்றுத் திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு. இதோடு பிரிந்தாலும் இருவருக்கும் நஷ்டமில்லை. வரைபடத்தின் கேட் (CAD) ஃபைலும், அதாவது கம்ப்யூட்டரில் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் உங்களுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் இருந்தால் அடுத்தவர் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

கட்டணம் கட்டுமானச் செலவில் சதவீதமா, சதுர அடிக்கா, மொத்தத் தொகையா என்பதைவிட, அதில் என்ன அடங்கவில்லை என்பதுதான் சண்டையில் முடியும். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கட்டணம், அனுமதிக்கான வேலை, எத்தனை சைட் விசிட், எத்தனை முறை திட்டத்தை மாற்றலாம், 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா. ஐந்தையும் எழுத்தில் வையுங்கள்.

பட்ஜெட்டை மறைக்காதீர்கள். 40 லட்சம் இருக்கும்போது 30 என்று சொன்னால், அவர் 30-க்கு யோசித்துவிட்டு நடுவில் ஒட்டுப்போடுவார். அதிலேயே 10 முதல் 15 சதவீதம் தொடாமல் ஒதுக்குங்கள். இடிபாடு அள்ளும் செலவும், நீங்கள் வெளியே தங்கும் வாடகையும் யார் எஸ்டிமேட்டிலும் வராது.

கீழ்வீடு:
மிக்க நன்றி சார். ஸ்ட்ரக்சரல் அறிக்கை பற்றி ஒரு சந்தேகம். வேலை எடுக்கப்போகும் கான்ட்ராக்டர் "பழைய காலத்துக் கட்டடம், கல்லு மாதிரி இருக்கு, ஹேமர் டெஸ்ட் போட்டா போதும்" என்கிறார்.

தூக்குக்குண்டு:
ஹேமர் டெஸ்ட் (சுத்தியல் எகிறும் அளவை வைத்துக் கான்கிரீட்டின் பலத்தை ஊகிப்பது) மட்டும் போட்டால் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். 40 வருடத்தில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் மேல்தோலைக் கெட்டிப்படுத்திவிடும். சுத்தியல் அந்தத் தோலில் நன்றாக எகிறும், எண் அழகாக வரும். அதே கார்பனேஷன்தான் உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க விடுகிறது. ஆக, நல்ல எண் கெட்ட செய்தியாகவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது வேறு. தளத்தின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் கொத்தி, புதிதாகக் கொத்திய முகத்தில் பினாப்தலீன் கரைசல் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும், கெட்டது நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் எத்தனை மில்லிமீட்டர், கம்பிக்குக் கீழே கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) எத்தனை மில்லிமீட்டர் என்று அங்கேயே அளக்க வேண்டும். கவர் 15, நிறமில்லாத ஆழம் 20 என்றால் கம்பியின் பாதுகாப்பு போய்விட்டது. கூடவே அல்ட்ராசோனிக் சோதனை (ஒலியலை விட்டு உள்ளே பார்ப்பது), தேவையென்று இன்ஜினியர் சொன்னால் கோர் (துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுப்பது. பாத்ரூமுக்கு மேலுள்ள தளத்தின் அடிப்பக்கத்தையும் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் மூலைகளையும் விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

அஸ்திவாரத்துக்கு ஒரு குழி. வெளிச்சுவரை ஒட்டி 3-க்கு 3 அடி தோண்டி, அகலம், ஆழம், கருங்கல்லா செங்கல்லா என்று பார்த்துவிட்டு அன்றே மூடிவிட வேண்டும். மழைக்காலத்தில் வேண்டாம். வீட்டு மூலையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தோண்டவும் கூடாது.

இப்போது மாடி. மொட்டைமாடியை மனிதர் நடமாடும் கூரையாக நினைத்துச் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். வீட்டுத் தளம் என்றால் 200. ஆனால் மேலே 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸ் (வெயில், மழைக்காக மொட்டைமாடியில் போடும் அடுக்கு) இருந்தால், 1,000 சதுர அடிக்கு அதன் எடையே 15 டன்னைத் தாண்டும். மாடி கட்டும்போது அந்த அடுக்கைப் பெயர்த்துவிடுவதால் அந்தக் கூடுதலுக்கு இடம் கிடைக்கிறது. புதுச் சுவர்கள்தான் சிக்கல். 10 அடி உயர 9 அங்குலச் செங்கல் சுவர் ஓர் அடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல். அதே உயரத்தில் 4 அங்குல ஏஏசி பிளாக் (எடை குறைந்த, காற்றுத் துளைகள் உள்ள கான்கிரீட் கல்) சுவர், பூச்சோடு சேர்த்து 100 கிலோ சுமார். செங்கல் சுவர், கீழ்ச்சுவர் மேல் மட்டுமே உட்காரலாம்.

இங்கேதான் ஆர்கிடெக்ட்டின் வேலை கடினமாகிறது. மாடிக்குத் தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி அனுமதி வேண்டும், புது மாடி இன்றைய செட்பேக்கில் (மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி) நிற்க வேண்டும். 1986-ல் பக்கவாட்டில் குறைவாக விட்டிருந்தால் மேல் சுவர் உள்ளே தள்ளும், அதாவது கீழ்ச்சுவரை விட்டு விலகித் தளத்தின் நடுவில் வந்து நிற்கும். அப்போது அடியில் பீம், அதற்குப் பில்லர் என்று செலவே மாறும். உங்கள் முகப்பு 3டியில் மேல்சுவர் கீழ்ச்சுவரோடு ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், செட்பேக்கை இன்னும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பழைய அனுமதி வரைபடத்தை இப்போதே தேடி எடுத்துவிடுங்கள்.

சமையலறைச் சுவரை எடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டு, அப்புறம் பெட் பிளாக் (பீம் முனை உட்காரும் கான்கிரீட் கட்டை), அப்புறம் இரும்பு ஐ பீம் (இரு முனையும் குறைந்தது 9 அங்குலம் உட்கார வேண்டும்), பீமுக்கும் தளத்துக்கும் இடையில் சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கும் சிமென்ட் கலவை). இடித்துவிட்டு பீம் தேடினால் மேலே விரிசல் நிச்சயம்.

ரசமட்டம்:
பாத்ரூம் ஒன்று விட்டுப்போயிற்று. முன்பக்கப் பாத்ரூம், பின்பக்க செப்டிக் டேங்க். லெவல் டியூப் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் பைப்புக்கு 60-க்கு 1 சரிவு என்றால் 20 அடிக்கு 4 அங்குலம் இறங்கும், 40 அடிக்கு 8. தொடங்கும் இடத்தில் டிராப்புக்கும் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தங்கும் வளைவு) பைப்புக்குமே தரையிலிருந்து 9 அங்குலம் போய்விடும். 40 அடி தள்ளி இருக்கும் சேம்பரில் பைப் நுழையும் வாய் வீட்டுத் தரைக்கு 17 அங்குலம் கீழே இல்லையென்றால் அந்த இடத்தில் பாத்ரூம் வராது, அல்லது தரையை ஏற்ற வேண்டும்.

உங்கள் வீட்டில் ரோடு உயரத்துக்காகத் தரையை ஏற்றும் கேள்வி எப்படியும் வரும். ஒன்றரை அடி ஏற்றினால் 10 அடி அறை எட்டரை ஆகும், 7 அடி வாசல் ஐந்தரை ஆகும், எல்லா லிண்டலையும் உடைக்க வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் ஆட்கள் சென்னையில் உண்டு, ஆனால் மாடி கட்டும் முடிவுக்கு முன்னால் அதை முடிவு செய்ய வேண்டும், பிறகு அல்ல. இந்த ஒரு கேள்விக்கு விடை வரும்வரை ஆர்கிடெக்ட் டைல்ஸ் கேட்டலாக் காட்டினால் பார்க்காதீர்கள்.

கீழ்வீடு:
லெவல் டியூப் பிடித்தாயிற்று. பின் சேம்பர் 11 அங்குலம்தான் கீழே இருக்கிறது, பாத்ரூமிலிருந்து 38 அடி.

ரசமட்டம்:
அப்போ 38 அடிக்கு ஏழரை, மேலே 9, பதினாறரை வேண்டும். தரையை ஏற்றாவிட்டால் ஐந்தரை குறைகிறது. பக்கவாட்டில் புது சேம்பர் போட்டு முன்பக்கம் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்குமா என்று பாருங்கள், இல்லையென்றால் பாத்ரூமை நடு அறைப் பக்கம் நகர்த்த வேண்டும். இந்த எண்களை அப்படியே ஆர்கிடெக்டுக்கு அனுப்பிவிடுங்கள்.