பீர்க்கும் சுரையும் பிஞ்சிலேயே விழுகின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம். காரைக்குடிப் பக்கம், பிள்ளைகள் கற்கவும் சமைத்துச் சாப்பிடவும் போட்ட 5 சென்ட் பொதுத் தோட்டம். ஆடிப்பட்டத்தில் பீர்க்கு 8 குழி, சுரை 4 குழி. செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும் என்பதால் ஒன்றரை அடிக் குழியில் ஊரணி வண்டலும் மக்கிய சாணமும் பாதிக்குப் பாதி. கொடியில் குறை இல்லை.

விழுந்த பிஞ்சுகளை அறுத்துப் பார்த்தால் இரண்டு விதம். சில உள்ளே சுத்தமாக, மஞ்சளாகிச் சுருங்கியவை: மகரந்தம் சேராதவை. பீர்க்கு, சுரை இரண்டுமே சாயங்காலம் பூப்பவை, காலைத் தேனீயை நம்பிப் பயனில்லை. மாலை 6 மணிக்கு ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண்பூவில் தடவினால் பிஞ்சு நிற்கிறது. இதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

மற்றவற்றில் ஊசி குத்திய புள்ளி, பிசின், உள்ளே வெள்ளைப் புழு. பழ ஈதான். மாமரத்தில் கட்டும் மீதைல் யூஜெனால் (ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் மருந்து) பொறிக்கு இந்த ஈ வராது, கியூலூர் என்ற வேறு வாசனைக் கட்டி வேண்டும். கடையில் கேட்டால் மாம்பழப் பொறியையே நீட்டுகிறார்கள்!

கியூலூர் கட்டி தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் எங்கே கிடைக்கும்? 5 சென்ட்டுக்கு எத்தனை பொறி போதும்? பிஞ்சுக்குக் காகித உறை கட்டியவர்கள் இருந்தால், மழைக்கு அது தாங்குகிறதா? விழுந்த காய்களைக் குப்பைக்குழியில் போடுவதில்லை. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுகிறோம். எத்தனை நாள் வைக்க வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.