தலையில் அடி: ஊனச் சான்றிதழில் 30 சதவீதம்தான், இழப்பீடும் அவ்வளவுதானா?

கேள்வி (பாம்பன்): உச்சிப்புளி அருகே கார் மோதி என் கணவருக்குத் தலையில் பலத்த அடி. வயது 42. கை கால் நன்றாக இருக்கிறது. கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்தால் அடுத்த முடிச்சு மறந்துவிடுகிறது, குழந்தைபோல் அழுகிறார். கடலுக்கு யார் அழைப்பார்கள்? ஊனச் சான்றிதழில் 30 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். இழப்பீடும் அவ்வளவுதானா?

பதில் (தொண்டி): இல்லை அக்கா. உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தொழிலே போனால் நூறு சதவீதமும் கேட்கலாம். 42 வயதுக்கு ஆண்டு வருமான இழப்பை 14ஆல் பெருக்குவார்கள்.

கேள்வி கேட்டவர்: சமரசம் பேச வந்தவர் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்கிறார்.

பதில் (கீழக்கரை): போடவே போடாதீர்கள்! முதல் தகவல் அறிக்கை, ஸ்கேன், மருந்து ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் வசிக்கும் பகுதியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. என் மச்சான் அதைக் கோட்டைவிட்டு இன்னும் அலைகிறான்.