வல்லூறு கூட்டில் சின்னக் குஞ்சு, என்ன செய்யலாம்?

வணக்கம். எங்கள் மொட்டை மாடிக்கு எதிரே உள்ள வேப்பமரத்தில் ஒரு வல்லூறு சோடி கூடு கட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் பைனாகுலரில் பார்க்கிறேன். மூன்று குஞ்சுகள். தாய் ஓணானைக் கிழித்து ஊட்டும்போது பெரியவை இரண்டும் முண்டியடித்து வாங்கிவிடுகின்றன. சின்னது கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்துவிடுகிறது. இயற்கை அப்படித்தான் என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை காக்கைகள். ஒன்று தாயின் வாலைப் பிடித்து இழுக்கிறது. அது துரத்திப் போனதும் இன்னொன்று கூட்டின் ஓரத்தில் வந்து இறங்குகிறது. நான் எழுந்து விரட்டினால் தாயும் சேர்ந்து பறந்துவிடுகிறது, அதனால் கைதட்டக்கூடப் பயம்.

பக்கத்து வீட்டு அண்ணன் குஞ்சை இறக்கி வளர்க்கலாம் என்கிறார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.

குஞ்சு கீழே விழுந்துவிட்டால், கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டினால் தாய் வந்து ஊட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்களாம். குஞ்சுகள் பறக்கும்வரை அதைத் தள்ளிப்போட யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்?